சத்தத்தைப் பிடிக்கிறீர்கள், புகையை விட்டுவிடுகிறீர்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு மெக்கானிக்கின் திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், புகைப் பரிசோதனை மையங்களுக்கு உரிமம் தந்து மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜின், சஸ்பென்ஷன், சைலன்சர் வேலை எல்லாம் செய்கிறோம். கார் என்றால் எனக்கு உயிர். நல்ல என்ஜின் ஒன்று 5000 ஆர்பிஎம் தாண்டும்போது வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். அதனால் மாடிஃபிகேஷன் என்றாலே முகம் சுளிக்கிற யாரோ எழுதிய கடிதம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வேலையைச் செய்து சாப்பிடுகிறவன்தான் எழுதுகிறேன். காருக்கு அடியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தையே வெட்டி எடுத்துவிட்டு ஓடுகிற வண்டிகளுக்கு நம் ஊரில் பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட் தடையில்லாமல் கிடைக்கிறது. அதே நேரத்தில், புகைக்குச் சம்பந்தமே இல்லாத கடைசி சைலன்சரை மட்டும் மாற்றிய பையன் ரோட்டில் அபராதம் கட்டுகிறான். இது தலைகீழாக இருக்கிறது, இதை நீங்கள் நினைத்தால் பெருமளவு சரி செய்யலாம் என்பதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எதை மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்திகளிலும் சரி, சோதனையில் நிற்கும் காவலர்களின் பேச்சிலும் சரி, எல்லாமே 'மாற்றப்பட்ட சைலன்சர்' என்ற ஒரே பெயரில் போய்விடுகிறது. பெட்ரோல் காரில் என்ஜினை விட்டு வெளியே வரும் புகை முதலில் மேனிஃபோல்டு வழியாக வந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகும், சுருக்கமாக 'கேட்' என்போம். உள்ளே தேன்கூடு மாதிரி நெருக்கமான கட்டங்களாக ஒரு பீங்கான் உருளை, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறியதும் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறும், எரியாத பெட்ரோல் ஆவி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகத் திரும்பும். இதைத் தாண்டிய பிறகு வருவது நடுவில் இருக்கும் ரெசனேட்டரும் பின்னால் இருக்கும் சைலன்சரும். இவை இரண்டுக்கும் சத்தத்தைக் குறைப்பதுதான் வேலை, புகையை அவை ஒன்றும் செய்வதில்லை. கேட்டுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுவதைத்தான் எங்கள் தொழிலில் கேட்-பேக் என்கிறோம். கேட்டையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைப்பது வேறு வேலை. டர்போ கார்களில் கேட் பெரும்பாலும் டர்போவை ஒட்டியே இருப்பதால் 'டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் குழாய்) மாற்றணும்' என்று ஒருவர் வந்து நின்றால், அனேகமாகக் கேட்டைத் தூக்கச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம்.

1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட் கட்டாயமானது. அதற்காகவே ஈயம் கலக்காத பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் ஈயம் அந்தப் பூச்சைக் கொன்றுவிடும். அப்புறம் புகை அளவுக்கான தரநிலை பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக பிஎஸ் 6 என்று எவ்வளவு பணம் செலவழித்து, எத்தனை சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றி, எவ்வளவு விலை ஏற்றிக் கார் வாங்கினோம். அத்தனையையும் ஒரு மதிய நேரத்தில் ஒரு கட்டிங் வீலும் வெல்டிங் மெஷினும் இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான்.

அதை எடுத்தால் என்ஜினுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். கேட்டுக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று இருக்கிறது. இரண்டின் அளவும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் நடுவில் கேட் வேலை செய்யவில்லை என்று என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ புரிந்துகொண்டு டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட்டைப் போடும். அதைச் சமாளிக்கப் பின் சென்சாருக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு ஸ்பேசரைத் திருகி, சென்சார் முனையைப் புகை ஓட்டத்திலிருந்து வெளியே தள்ளி வைக்கிறார்கள். இன்னும் 'சுத்தமாக' செய்ய வேண்டும் என்றால் ரீமேப், அதாவது ஈசியூ மென்பொருளை மாற்றி எழுதும் வேலை, செய்கிறபோது அந்தப் பிழைக் குறியீட்டையே மென்பொருளிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். லைட் எரியாது. ஓட்டுகிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். சிக்னலில் அந்த வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிறவருக்குத்தான் கண் எரியும்.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். விதி என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 115-ஆவது விதிப்படி, வண்டி பதிவாகி ஓராண்டு ஆனதும் புகைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பிஎஸ் 4, பிஎஸ் 6 கார்களுக்கு அது ஓராண்டு செல்லும். பிஎஸ் 4-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் என்றால் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்கும் மேல் போகக்கூடாது. அது மட்டும் போதாது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். அப்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், அளக்கும் கருவியின் குழாயைப் புகைபோக்கிக்குள் ஆழமாக விட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் கேட் எடுத்த பெட்ரோல் கார் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கேட் இல்லாத என்ஜின், எவ்வளவு நன்றாக டியூன் செய்திருந்தாலும், அந்த 0.3-க்குள் வந்து நிற்பது கடினம்.

அப்படியென்றால் எப்படிப் பாஸ் ஆகிறது? பதில் எளிது. ஒழுங்காகச் செய்வதில்லை. எல்லா மையங்களையும் சொல்லவில்லை. நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கூட்டம் குறைவாக இருப்பதால் அவர்கள் நஷ்டப்படுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் நேரில் பார்த்த இடம் ஒன்றில், வண்டி வந்து நின்றதும் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார்கள், குழாயைப் புகைபோக்கியின் வாயில் தொட்டுக்கொள்கிற மாதிரி வைத்தார்கள், என்ஜின் சூடாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, 2500 ஆர்பிஎம் என்கிற பேச்சே இல்லை, காசு வாங்கிக்கொண்டு தாளை நீட்டிவிட்டார்கள். தாளில் ஹை ஐட்லிங் அளவு, அதாவது அந்த 2500 ஆர்பிஎம் அளவு, லாம்ப்டா எல்லாம் அச்சாகியிருந்தன. மிதிக்காத ஆக்சிலரேட்டருக்கு எண் எங்கிருந்து வந்தது?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. டெல்லியில் வண்டிப் புகை பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தந்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 2015-இலிருந்து 2020 வரையிலான சான்றிதழ்த் தரவை எடுத்துப் பார்த்ததில், அளவு வரம்பைத் தாண்டியிருந்தும் 1.08 லட்சம் வண்டிகளுக்குச் சான்றிதழ் போயிருக்கிறது. அதே மையம் அதே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகவும் பதிவுகள். இத்தனைக்கும் அவை கணினியிலேயே இருந்த பதிவுகள். யாராவது உட்கார்ந்து வரிசைப்படுத்திப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நம்மிடமும் அந்தத் தரவு இருக்கிறது. 2024-இல் நீங்கள் மையங்களில் கைப்பேசியில் படமும் வீடியோவும் எடுத்து ஏற்றும் முறையைக் கொண்டுவந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். வண்டியே வராமல் நம்பரை மட்டும் அனுப்பி சர்ட்டிஃபிகேட் வாங்குகிற பழக்கத்துக்கு அது ஒரு தடை. ஆனால் அந்த வீடியோ, வண்டி வந்ததைத்தான் நிரூபிக்கிறது. வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டுவதில்லை.

சரி, பெட்ரோல் காராவது ஒழுங்கான சோதனையில் மாட்டும். டீசல் விஷயம் அதைவிட மோசம், அங்கே சோதனையை நூற்றுக்கு நூறு நேர்மையாகச் செய்தாலும் குற்றவாளி தப்பிவிடுவான்.

பிஎஸ் 6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்கிற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதுவும் பீங்கான்தான், ஆனால் கட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். புகை ஒரு கட்டத்துக்குள் போய், சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாகப் புகுந்து, பக்கத்துக் கட்டத்தின் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். இப்படித் தங்குகிற கரியை வண்டி அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ள வேண்டும். ரீஜெனரேஷன் என்று சொல்கிறோம். இதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் நடுவிலேயே தினமும் ஓடுகிற கார் அதை முடிக்கவே முடியாது. பாதியில் என்ஜினை அணைத்துவிடுவார்கள், மறுபடி பாதியில் அணைப்பார்கள், கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்காது. புது டிபிஎஃப் விலை சில மாடல்களில் லட்சத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் ஒரு பட்டறைக்காரர், "அண்ணா, அதுல பத்துல ஒரு பங்கு செலவுல தூக்கிடலாம், மைலேஜும் ஏறும், இனி இந்த லைட்டே வராது" என்கிறார். வண்டிக்காரர் என்ன செய்வார்? அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கார் வாங்கும்போது ஷோரூமில் யாரும் இதை அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை நீலம்பூர் பைபாஸில் இருபது நிமிடம் நான்காவது கியரில் ஓட்டினாலே பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை வராது. அப்படியும் அடைத்தால் ஸ்கேனர் வைத்து நின்ற இடத்திலேயே எரிக்க வைக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்யலாம், குறைந்த சாம்பல் தரும் சரியான ஆயில் ஊற்றினால் ஆயுளும் கூடும். இதையெல்லாம் சொல்ல நேரம் பிடிக்கும். வெட்டி எடுப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வெட்டி எடுத்த வண்டி பரிசோதனைக்குப் போகிறது. டீசலுக்கு நம்மிடம் இருப்பது புகைமானி. ஆக்சிலரேட்டரை வேகமாக மிதிக்கும்போது வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அது பார்க்கிறது. கரும்புகை தள்ளுகிற பழைய லாரிக்கு அது சரியான கருவி. இன்றைய காமன் ரயில் டீசல் என்ஜின் டிபிஎஃப் இல்லாமலேயே கண்ணுக்குக் கரும்புகை தெரியாத அளவுக்குத்தான் எரிக்கும். அது தள்ளுவது கண்ணுக்கும் தெரியாத, புகைமானிக்கும் சரியாகத் தெரியாத நுண்துகள்கள். அவைதான் நுரையீரலின் அடி வரைக்கும் போகக்கூடியவை, அவற்றைப் பிடிக்கத்தான் அந்த வடிகட்டியையே வைத்தார்கள். அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடு. அதை நம் புகைப் பரிசோதனை பெட்ரோலிலும் அளப்பதில்லை, டீசலிலும் அளப்பதில்லை. அதைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புகிற ஈஜிஆர் வால்வை அடைத்துவிட்டு வருகிற வண்டிக்கு இந்தச் சோதனையில் பயப்பட எதுவுமே இல்லை.

இதே சிக்கல் ஐரோப்பாவிலும் இருந்தது. அவர்கள் கருவியை மாற்றினார்கள். பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும், டீசல் கார்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. வண்டி ஐட்லிங்கில் நின்றாலே போதும், மிதிக்கக்கூடத் தேவையில்லை. ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள் என்று எண்ணுகிறது. ஜெர்மனியில் வரம்பு 2.5 லட்சம், நெதர்லாந்தில் 10 லட்சம். வடிகட்டி நல்லபடியாக இருக்கிற வண்டி அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது, எடுத்த வண்டி பல மடங்கு தாண்டும். இடையில் ஏமாற்ற வழியில்லை. பிரிட்டனில் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார்கள்: 2014 பிப்ரவரியிலிருந்து, டிபிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலே வண்டி ஃபெயில். இதற்குக் கருவிகூட வேண்டாம், குனிந்து பார்க்கிற முதுகு போதும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் கணக்குப் போட்டுச் சொன்னது: அங்கே பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை எடுத்திருக்கிறார்கள். அந்த வண்டிகள் கூடுதலாகத் தள்ளுகிற நைட்ரஜன் ஆக்சைடு, புதிதாக 90 லட்சம் வண்டிகளை ரோட்டில் இறக்கியதற்குச் சமம். ஒரு வண்டி கெட்டால் ஒரு வண்டி அளவுக்குத்தான் கெடுதல் என்று நினைக்க முடியாது.

நம் ஊரில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. டாக்சி, வேன், லாரிக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று உண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டும் அதிகாரபூர்வமாக யாரும் அந்தக் காருக்கு அடியில் பார்ப்பதே கிடையாது. அந்த வண்டி சட்டத்தைத் தொடுகிற ஒரே இடம் புகைப் பரிசோதனை மையம்தான். அங்கேயும் பார்க்கவில்லை என்றால் வேறு எங்கே பார்ப்பது?

ரோட்டில் பார்க்கிறோம் என்பீர்கள். ரோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காதில் விழுகிற வண்டியை மட்டும் நிறுத்துகிறார்கள். கழற்றிய சைலன்சர்களை வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றுகிற படங்கள் பேப்பரில் வருகின்றன. அதிரவைக்கிற சத்தத்துக்கு நானும் எதிரிதான், ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் பட்டாசு வெடிக்கிற மாதிரி டியூன் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். அந்த வெடிச்சத்தம் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலைத் தள்ளி, அதைப் புகைக்குழாயிலேயே எரிய விட்டு வர வைப்பது, அதுவே கேட்டைச் சாகடிக்கும். ஆனால் ஒரிஜினல் கேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின் சைலன்சரை மட்டும் கொஞ்சம் கனத்த குரலுக்கு மாற்றிய ஒருவர் நின்று பதில் சொல்கிறார். டிபிஎஃப்பை வெட்டி, ஈஜிஆரை அடைத்து, மென்பொருளை மாற்றிய பெரிய எஸ்யூவி பூனை மாதிரிச் சத்தமே இல்லாமல் அவரைத் தாண்டிப் போகிறது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் காற்று மாசு, ஒலி மாசு இரண்டுக்கும் சேர்த்தே முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் போகும் என்று இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்று 52-ஆவது பிரிவை வைத்து உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆக சட்டத்தில் குறை இல்லை. பிடிபடுவது யார் என்பதில்தான் குறை.

அதனால் நான் கேட்பது இது. முதலில், பரிசோதனை மையத்தில் வண்டி தன்னைத் தானே சோதித்த விவரத்தைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4, பிஎஸ் 6 கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி 2 சாக்கெட் இருக்கிறது. அடிப்படை ஸ்கேனர் ஒன்றின் விலை, இன்று மையங்கள் வைத்திருக்கும் புகை அளக்கும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதில் பிழைக் குறியீடு மட்டும் இல்லை, கேட், ஆக்சிஜன் சென்சார், ஈஜிஆர், டிபிஎஃப் ஆகியவற்றைத் தானே சோதித்து முடித்துவிட்டதா என்று ஈசியூ சொல்லும் நிலையும் தெரியும். பரிசோதனைக்குக் கிளம்பும் முன் பேட்டரியைக் கழற்றி மாட்டி லைட்டை அணைத்துக்கொண்டு வந்தால், அந்தச் சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டும். ரெண்டு நாள் ஓட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பலாம். டிபிஎஃப்போடு விற்ற மாடலில் டிபிஎஃப் சோதனையே 'இல்லை' என்று வந்தால் யாரோ மென்பொருளில் கை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலையிலிருந்து இன்னும் ஒரு படி போய், ஈசியூவில் இருக்கும் மென்பொருளின் அடையாள எண், கம்பெனி தந்ததோ அரசு ஒப்புதல் பெற்றதோதானா என்றே ஒப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஃபெயில். கார் கம்பெனிகளில் சில நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான் இருக்கின்றன. அந்த எண்களைக் கேட்டு வாங்குவது உங்களால் ஆகாத காரியமா?

இரண்டாவது, குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுக்கச் சொல்லும் வீடியோவில் வண்டியின் அடிப்பாகத்தையும், பானெட்டைத் திறந்து மேனிஃபோல்டு பக்கத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். புது வெல்டிங் தழும்பு, கேட் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், சென்சாருக்கு அடியில் ஸ்பேசர், இவை மூன்றும் தெரிந்த ஒருவருக்கு ஒரு நிமிட வேலை. மையத்தில் இருக்கும் பையன்களுக்குத் தெரியாது என்றால் கற்றுக்கொடுக்க எங்களைப் போன்றவர்கள் தயார், காசு வேண்டாம்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய விஷயம், டெல்லி வரை போக வேண்டியது. நேர்மையாக மாற்ற நினைப்பவருக்கு ஒரு வழி கொடுங்கள். இன்று ஒருவர் கேட்டைத் தொடாமல், சத்த வரம்புக்குள் ஒரு கேட்-பேக் போட வேண்டும் என்று கேட்டால், சட்டப்படி செய்துகொடுக்க என்னிடம் வழி இல்லை. கேட்-பேக் போடுகிறவரும் கேட்டை வெட்டுகிறவரும் ஒரே குற்றவாளி என்றால், 'எப்படியும் தப்புதான், முழுசா செஞ்சுடுங்க' என்றுதான் வாடிக்கையாளர் சொல்கிறார். தினமும் கேட்கிற வசனம் இது. சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுக்கு நாம் என்ன செய்தோம்? அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் கிட்டைச் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அனுமதி பெற்ற பட்டறையில்தான் பொருத்த வேண்டும், ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த முறை பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே அச்சில் சைலன்சருக்கும் வார்க்கலாம். ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சரில் 'ஈ' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் புகையைத் தொடும் பாகம் என்றால் அரசு தந்த ஒப்புதல் எண் வேண்டும், கேட்டுக்குப் பின்னால் மட்டும் மாற்றினால் அந்த எண் தேவையில்லை, சின்ன வண்டிகளுக்குச் சத்தம் 95 டெசிபலைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புகையையும் சத்தத்தையும் அளக்கும் வசதி அங்கே உண்டு. கோவையில் சைலன்சர் செய்யத் தெரிந்த லேத் பட்டறைகளுக்கும் வெல்டர்களுக்கும் பஞ்சமில்லை. முத்திரை குத்திய பாகம் செய்ய அவர்களுக்கு ஒரு வழி திறந்தால் அது ஒரு தொழில். அதிகாரம் மத்திய அமைச்சகத்திடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பரிந்துரை எழுதுகிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக, வெட்டுகிற கையைப் பாருங்கள். வண்டிக்காரருக்கு அபராதம் போட்டால் ஒரு வண்டி சரியாகலாம், சரியாகாமலும் போகலாம். அதே வாரம் அந்தப் பட்டறையில் இன்னும் பல வண்டிகள் ஏறி இறங்கும். இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'டிபிஎஃப் டெலிட்', 'டீகேட்' (கேட்டை எடுப்பது), 'பாப்ஸ்' (வெடிச்சத்த டியூன்) என்று விலையோடு வெளிப்படையாக விளம்பரம் போடுகிறார்கள், முன்பு பின்பு என்று வீடியோவும் போடுகிறார்கள். வெட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கும் உலோகத்துக்காகவே தனி வியாபாரம் நடக்கிறது. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதற்காகவே நின்றுகொண்டிருந்த மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்சரைத் திருடிக்கொண்டு போனார்கள். பழைய கேட் வாங்குகிற கடை, எந்த வண்டியிலிருந்து, எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று பதிவு வைக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டால், பட்டறைகளின் பட்டியல் தானாகக் கையில் வந்துவிடும்.

என் தொழில்காரர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, 'உன் பொழப்புலயே மண்ணைப் போடுறியே' என்று கேட்பார்கள். அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட் இல்லாத வண்டி பட்டறைக்குள் ஐட்லிங்கில் நிற்கும்போது முதலில் அதைச் சுவாசிப்பது நம் பையன்கள்தான். மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை செய்யும்போது தலைவலி, வாந்தி வருகிறது என்று வெளியே ஓடுகிற பையனை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது கார்பன் மோனாக்சைடு. பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிற கார் என்றால் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, செட்டிபாளையம் ஒன்றும் தூரம் இல்லை, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். நம்பர் பிளேட்டோடு அவிநாசி ரோட்டில் ஓடப்போகிற வண்டிக்கு நான் கேட்டை வெட்ட மாட்டேன், நிறைய வாடிக்கையாளர்கள் அதற்காகவே அடுத்த பட்டறைக்குப் போயிருக்கிறார்கள், போகட்டும்.

ஆணையர் அவர்களே, ஸ்கேனர் சோதனையையும் அடிப்பாக வீடியோவையும் ஒரே நாளில் மாநிலம் முழுக்கக் கொண்டுவர முடியாது என்றால், கோவை மாவட்டத்தில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். எத்தனை வண்டி ஃபெயில் ஆகிறது என்ற எண்ணிக்கையை மாதாமாதம் வெளியிடுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஃபெயில் ஆகிறவர்களுக்கு ஒரிஜினல் பாகத்தைத் திரும்ப மாட்ட ஒரு கால அவகாசம் கொடுங்கள். அப்படி மாட்ட வருகிறவர்களுக்கு என் பட்டறையில் கூலி வாங்க மாட்டேன், பாகத்தை மட்டும் அவர்கள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார் மெக்கானிக்